காலி என்று சொன்ன இடம்

அந்த வானியல் ஆய்வு நிலையத்தில் அவளுக்கு 'ஊஹூம்' என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். "ஊஹூம் வந்தாச்சா?" என்று யாராவது நடையில் நின்று கேட்டால், "வந்தாச்சு, என்ன வேணும்?" என்று அவளே பதில் சொல்லிக்கொண்டு போவாள். அதோடு கேலியில் பாதிச் சுவை போய்விட்டது.

எதற்கெடுத்தாலும் மறுக்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். நம்பாததற்குச் சரி சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். ஓர் ஆண் இப்படி இருந்தால் கொள்கைப் பிடிப்புள்ளவர் என்பார்கள். பெண் இருந்தால் திமிர் பிடித்தவள். இந்த அகராதியை யார் எழுதினார்கள் என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் அதைப் புரட்டிப் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

முதல் ஊஹூம் அப்பா இறந்த வருஷம். "பொண்ணு படிச்சது போதும், ஏதாவது கடையில சேர்த்து விடு" என்று பெரியப்பா அம்மாவிடம் சொன்னபோது, உறவுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த கூடத்தில் அந்தச் சத்தம் கேட்டது. அடுத்தது, கல்யாணப் பேச்சு எடுத்து வந்தவர்கள், "அப்புறம் இந்தத் தொலைநோக்கி வேலையெல்லாம் விட்டுடுவேல்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டபோது. கொடுத்த தண்ணீரைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து போனார்கள். அந்தத் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கும்போது அம்மா மகளை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. தம்ளரில் கறை இருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

அம்மா அப்படித்தான். ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். வேலை போனாலும் விரல் போகவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் கதவுச் சட்டத்தின் மேலே ஒரு விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். தம்பிக்குக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை. வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அவனுடையதுதான். ஈரப் பெயின்ட்டில் ஒரு தூசி உட்கார்ந்தால் அன்றைய வேலை மண் என்பதால், தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, ஜன்னல் இடுக்கெல்லாம் ஒட்டி, மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்வான். வாசலில் பெரிய போர்டு: 'தூசியில்லா கார் பெயின்டிங்'.

ஆக, அம்மா தூசியைத் துடைத்துச் சம்பாதித்தாள், தம்பி தூசியை விரட்டிச் சம்பாதிக்கிறான். அந்தக் குடும்பத்தில் தூசியைத் தேடிப் போனவள் அவள் ஒருத்திதான். "இதுக்கா அக்கா இத்தனை வருஷம் படிச்சே? எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு மூட்டை தந்திருப்பேனே" என்று தம்பி வருஷத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவான்.

அவள் தேடிய தூசி அவன் பட்டறையில் கிடைக்காது. விண்மீன் மண்டலங்களுக்குள் நட்சத்திரங்களின் நடுவே மிதக்கிற, புகையைவிடப் பொடியான கரியும் மணலும் அது. நட்சத்திரங்கள் வயதாகிச் சாகும்போது ஊதிவிட்டுப் போகிற சரக்கு. சாதாரணப் படத்தில் பார்த்தால் அது இருட்டு, பின்னால் இருக்கும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் நட்சத்திர ஒளி பட்டுப் பட்டு லேசாகச் சூடேறும் அந்தத் தூசி, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வெளியே விடுகிறது. கண்ணுக்கு இருட்டாக இருக்கிற அதே இடம் அகச்சிவப்புக் கருவிக்கு விளக்கு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டு போகாது என்பதை அவள் சம்பளம் வாங்கிக்கொண்டு நிரூபித்து வந்தாள்.

இதில் ஒரு தொல்லை உண்டு. சூடு உள்ள எல்லாமே அகச்சிவப்பில் ஒளிரும். காற்று ஒளிரும், தொலைநோக்கியின் கண்ணாடியே ஒளிரும். அந்தப் பளபளப்புக்குள் எங்கோ கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் தூசியைத் தேட வேண்டும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் தொலைநோக்கியை மண்டலத்தின் மேல் திருப்பிப் படம் எடுப்பார்கள். பிறகு பக்கத்தில் எதுவுமே இல்லாத ஓர் இடத்தின் மேல் திருப்பி இன்னொரு படம். முதல் படத்திலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது மண்டலம். சரக்கு லாரியை எடை போட்டு, காலி லாரியை எடை போட்டுக் கழிப்பதில்லையா, அதேதான். அந்த எதுவுமே இல்லாத இடத்தை அவர்கள் குழுவில் 'காலி இடம்' என்று சொல்வார்கள்.

காலி லாரியில் யாரோ ஒரு மூட்டையை மறந்து வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

குழுவின் தலைவர் பெயர் பெற்ற மனிதர். குரல் எப்போதும் உயராது, எல்லாரையும் "வாம்மா", "சொல்லுப்பா" என்றுதான் கூப்பிடுவார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு மண்டலம். கிழட்டு நட்சத்திரங்கள் நிறைந்தது, ஆனால் பொட்டுத் தூசி கிடையாது என்பது அவர் கண்டுபிடிப்பு. ஆயிரம் அடுப்பு எரிந்த வீட்டில் கரியே இல்லை என்றால் அதிசயம்தானே. அந்த மண்டலத்துக்கு அவரே ஆசையாக 'சுத்தக்காரி' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார். போகிற கூட்டத்திலெல்லாம் சுத்தக்காரியைப் பற்றிப் பேசுவார், கைதட்டல் வாங்குவார். இப்போது புதிய, பெரிய தொலைநோக்கியில் எடுத்த படங்களை வைத்து அதை அடித்துச் சொல்லும் கட்டுரை ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது.

அந்தப் படங்களைக் கழித்துக் கூட்டிப் பார்க்கும் வேலை அவளுடையது. அவள் உட்கார்ந்திருந்ததே ஒரு காலிப் பணியிடத்தில். முன்பு இருந்தவர் ஓய்வு பெற்றுப் போக, அந்த நாற்காலியில் 'தற்காலிகமாக' என்று சொல்லி அவளை வைத்திருந்தார்கள். கட்டுரை வெளியானதும் அவளை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். நாற்பதைத் தாண்டிவிட்ட அவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அந்த நாற்காலி போனால், இந்த ஊரில் அவள் படித்த படிப்புக்கு வேறு நாற்காலி கிடையாது.

பக்கத்து மேசையில் படங்களைத் துப்புரவாக்கும் கணினி நிரலை எழுதுகிற இளைஞன். தலைவர் வாயைத் திறக்கும் முன்பே "சரிங்க சார்" என்று சொல்லிவிடுவான், அதனால் அவனுக்குச் 'சரிங்கசார்' என்றே பெயர். நல்ல பிள்ளைதான். நல்ல பிள்ளைகளால் விளையும் கேடு தனி ரகம்.

ஒருநாள் காலை அவள் அவனுடைய நிரலைத் தள்ளிவைத்துவிட்டு, கையால் ஒரு படத்தைக் கழித்துப் பார்த்தாள். ஏன் என்று கேட்டால், அவன் கொடுத்த படம் ரொம்பவும் அழகாக இருந்தது, அதுதான் காரணம். அவ்வளவு அழகு அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. கழித்துப் பார்த்தபோது சுத்தக்காரியின் ஒரு பக்க ஓரம் சைபருக்குக் கீழே போயிருந்தது.

"இங்க வாங்க" என்று சரிங்கசாரைக் கூப்பிட்டாள். "உங்க படத்துல இந்த ஓரம் சைபர். என் படத்துல சைபருக்குக் கீழே. எப்படி?"

"கீழே போனா அதைச் சைபராக்கிடும் மேடம். நிரல்லயே அப்படித்தான் போட்டிருக்கேன். சார்தான் சொன்னாரு. ஒளி எப்படிச் சைபருக்குக் கீழே போகும்? அது வெறும் இரைச்சல், கருவியோட தடுமாற்றம்."

"ஒளி கீழே போகாதுன்னு எனக்கும் தெரியும். அப்புறம் ஏன் போயிருக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான். "இரைச்சல்தான் மேடம்."

"இரைச்சல்னா மேலேயும் கீழேயுமா குதிக்கணும். இது ஒரே பக்கமா பள்ளத்துல படுத்துக் கிடக்கு." அவள் திரையில் விரலை வைத்தாள். "இல்லாததைவிடக் குறைவா ஒண்ணு இருக்க முடியாது. அப்ப நாம கழிச்சதுதான் அதிகம். காலி இடம் காலியா இல்லை."

சரிங்கசார் கதவைப் பார்த்தான். யாரும் கேட்டுவிட்டார்களோ என்று.

காலி இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் தலைவரேதான், பல வருஷங்களுக்கு முன்பு. எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று அவள் பழைய படங்களை எடுத்துப் பார்த்தாள். சாதாரணப் படத்தில் சுத்தக்காரியைச் சுற்றி, பின்னணியில் ஒரு புள்ளிகூட இல்லாத, கும்மிருட்டான இடம் எது என்று பார்த்து, அதையே வைத்திருந்தார். அவள் நாற்காலியில் சாய்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டாள். எதனால் அங்கே ஒரு புள்ளிகூட இல்லை? பின்னால் இருக்கும் புள்ளிகளை ஏதோ ஒன்று மறைத்துக்கொண்டு நிற்கிறது, அதனால்தான். வெளிச்சத்தை மறைப்பது தூசியின் தொழில். தூசியைத் தேடப் போனவர்கள், தூசி இருக்கும் இடமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, அதற்குக் 'காலி' என்று பெயர் வைத்து, வருஷக்கணக்காக அதையே சுத்தக்காரியிடமிருந்து கழித்து வந்திருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் மறைக்கக்கூட இல்லை, பூசணிக்காயை எடுத்துத் தராசுக் கல்லாக வைத்துக்கொண்டார்கள்.

குழுக் கூட்டத்தில் சொன்னாள். தலைவர் பொறுமையாகக் கேட்டார். அவர் பொறுமையாகக் கேட்டால் முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது என்று பொருள்.

"நல்லா பார்த்திருக்கேம்மா" என்றார். "ஆனா அங்க ஏதாவது மங்கலா இருந்தாலும் அது நம்ம சொந்த மண்டலத்துத் தூசியா இருக்கும். நமக்கு முன்னாடி தொங்குது. சுத்தக்காரிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை."

"இருக்கலாம் சார். பார்த்துட்டாத் தெரிஞ்சிடும். நம்ம தூசிக்கு அவ எங்க இருக்கான்னு தெரியாது, அதனால எங்க பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அவளோட தூசின்னா அவகிட்டேருந்து தள்ளிப் போகப் போகக் குறையும். தள்ளித் தள்ளி நாலு இடத்துல பார்ப்போம். அரை நாள் போதும்."

"கட்டுரை கொடுக்கிற நாள் நெருங்கிடுச்சே."

"தள்ளிக் கொடுப்போம்."

"பாரும்மா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது நம்ம எல்லாரோட உழைப்பு. வெளியில நம்ம குழுவுக்குன்னு ஒரு பேர் இருக்கு. உன் நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். அந்த ஓரத்தைத் துடைச்சிட்டு, படத்தைக் கொடுத்துடு. சரியா?"

மேசையைச் சுற்றி எல்லாரும் தங்கள் தங்கள் விரல் நகத்தைப் பார்த்தார்கள். சரிங்கசார் வாய்க்குள் "சரிங்க சார்" என்று முணுமுணுத்தது அவளுக்கு மட்டும் கேட்டது, அவனைக் கேட்கவே இல்லை என்றாலும்.

"ஊஹூம்" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். தம்பி பெயின்ட் காய வைக்கும் விளக்கை ஒரு காரின் கதவுக்கு நேராக நகர்த்திக்கொண்டிருந்தான். அதுவும் அகச்சிவப்பு விளக்குதான், பெரிதாக வெளிச்சம் வராது, பக்கத்தில் போனால் முகம் சுடும். அவன் அக்காவைப் பார்த்துக் கைகூப்பாத குறையாகச் சொன்னான்.

"அக்கா, அந்தக் கட்டுரையில கையெழுத்துப் போட்டுடு. அந்தத் தூசி எங்கேயும் ஓடிப் போகாது. நீ முதல்ல நிரந்தரம் ஆயிடு, அப்புறம் சண்டை போட்டுக்கலாம்."

"நிரந்தரம் ஆனவங்க யாராவது சண்டை போட்டுப் பார்த்திருக்கியா நீ?"

"நீ புடிச்ச முயலுக்கு மூணே கால்தான்."

"மூணா நாலான்னு முயலைத் திருப்பிப் பார்த்தாத் தெரிஞ்சிடும்டா. திருப்ப விட மாட்டேங்கறாங்களே, அதுதான் என் ஆத்திரம்."

அம்மா படிக்கட்டின் கைப்பிடியைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரோடு ஒத்துப் போ என்றுதான் அவளும் சொன்னாள். சொல்லிவிட்டு, "அந்த ஓரத்தைத் துடைக்கச் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அழுக்குன்னா துடைக்கலாம்" என்று அம்மா துணியை உதறினாள். "அழுக்கா இல்லையான்னு பார்க்காம எப்படித் துடைக்கிறது?"

தொலைநோக்கி இருப்பது உலகத்தின் மறுபக்கத்தில், ஒரு மலை உச்சியில். அங்கே இரவு என்றால் இவர்களுக்குப் பகல். அதில் நேரம் வாங்குவது குதிரைக்கொம்பு. ஆனால் முன்பதிவு செய்த யாராவது வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டால் மிஞ்சுகிற நேரத்தை, வரிசையில் காத்திருப்பவர்களுக்குத் தருவார்கள். அந்த வரிசையில் சேர நிறுவனமும் பதவியும் வேண்டாம், நல்ல கேள்வி ஒன்று இருந்தால் போதும். அவள் தன் கேள்வியை எழுதிப் போட்டாள். விண்ணப்பத்தில் தலைவர் பெயர் இல்லை. அவள் பெயர் ஒன்றுதான்.

கட்டுரை கையெழுத்துக்கு வந்தது. எழுதியவர்கள் வரிசையில் அவள் பெயர் நடுவில் இருந்தது, படத்தின் ஓரம் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. சரிங்கசார் தன் கையாலேயே துடைத்திருந்தான், அவள் கண்ணைப் பார்க்காமல் தாளை நீட்டினான். அவள் வாங்கவில்லை. எழுந்து நேராகத் தலைவர் அறைக்குப் போனாள். அங்கே இன்னும் சிலர் இருந்தார்கள்.

"என் பேரை எடுத்துடுங்க சார்."

தலைவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு சொன்னார். "பேரை எடுத்துட்டா, நான் உனக்காக எழுதறதுக்கு என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. அது எனக்குத் தெரியும். நான் நம்பாததுக்கு என் பேரு எதுக்கு?"

சொல்லிவிட்டு வந்தாளே தவிர, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அழுதாள். அதை மறைப்பானேன். வேலை போகிற பயம் அது, வேறொன்றும் இல்லை. பயந்தவர்கள் எல்லாரும் பணிந்து போவார்கள் என்று யார் சொன்னது?

மாசக் கடைசியில் அலுவலக மேலாளர் வந்து, ரொம்ப மரியாதையாக, மேசையைக் காலி பண்ணித் தரச் சொன்னார். அவள் தன் தம்ளரையும், ஒரு சால்வையையும், கணினியையும் எடுத்துக்கொண்டாள். கணினி அவளுடைய சொந்தக் கணினி.

"காலி பண்ணிட்டேன்" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இது நிஜமாவே காலி. நல்லா பார்த்துக்குங்க. இனிமே எதைக் காலின்னு சொன்னாலும் ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க."

பட்டறையின் முன் அறையில், வண்டி விட வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு மேசை போட்டான் தம்பி. காலையில் பிள்ளைகளுக்கு வீடு வீடாகப் போய்க் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள், மற்ற நேரம் அங்கே உட்காருவாள். பெயின்ட் வாடையில் தலை வலித்தது. சுத்தக்காரியின் கட்டுரை வெளியாகி, நாலு பேர் பாராட்டி எழுதியதையும் அங்கே உட்கார்ந்துதான் படித்தாள். வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலைப்பொழுதில் மலை உச்சியிலிருந்து போன் வந்தது. தொலைநோக்கியை இயக்குகிறவர் பேசினார். யாரோ சீக்கிரம் முடித்துவிட்டார்கள், நேரம் இருக்கிறது, தயாரா என்று கேட்டார். அன்றைய கணக்குப் பாடங்களை எல்லாம் தள்ளிவைத்தாள். பட்டறையில் பழைய பெயின்ட்டை உரசி எடுக்கும் எந்திரத்தை நிறுத்தச் சொன்னாள், வேலையாட்கள் சிரித்துக்கொண்டே நிறுத்தினார்கள். சுத்தக்காரிக்குப் பக்கத்தில் தலைவர் பொறுக்கிய அதே இருட்டு இடம், அதைத் தாண்டி ஒன்று, அதையும் தாண்டி ஒன்று, எல்லாவற்றுக்கும் தள்ளி ஒன்று. எதற்கும் இருக்கட்டும் என்று மறுபக்கத்திலும் ஓர் இடம். படங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின.

முதல் இடம் ஒளிர்ந்தது. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் மங்கல். மூன்றாவது இன்னும் மங்கல். கடைசி இடம் கிட்டத்தட்ட வெறும் வானம், மறுபக்கத்து இடமும் அப்படியே. அந்தக் கடைசி இடத்தைக் காலியாக வைத்துக் கழித்தபோது சுத்தக்காரியின் ஓரத்துப் பள்ளம் தானாகவே நிரம்பியது. அந்தச் சுத்தக்காரி பக்கவாட்டில் பெரிய திரையாகத் தூசியைத் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி நின்றுகொண்டிருந்தாள். இவள் நினைத்த அளவு தூசி இல்லை, பாதிதான் இருந்தது. தன் கணக்கும் தப்புதான் என்பதை அவள் உடனே குறித்துக்கொண்டாள். ஆனால் பாதி என்பது 'இல்லை' இல்லையே.

அம்மா பெஞ்சைத் துடைக்க வந்தவள் திரையைப் பார்த்தாள். கறுப்புத் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். "என்னடி இது, இவ்வளவு அழுக்கா வச்சிருக்கே" என்று துணியால் அழுத்தித் துடைத்தாள். ஊதிவிட்டு மறுபடி துடைத்தாள்.

"போகலையே."

"போகாதும்மா" என்றாள் மகள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அது நிஜமாவே அங்க இருக்கு."

இப்படிப்பட்ட செய்திக்குக் கால் உண்டு. மலையில் இருந்தவர் யாரிடமோ சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, ஒரு வாரத்தில் தலைவரின் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. பெயின்ட் அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துத் தம்பி ஓடிப்போய்க் காரைச் சுற்றி வந்து கீறலைத் தேடினான்.

தலைவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் படத்தைக் காட்டினாள், எதையும் மறைக்கவில்லை. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பார்க்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. அவர் கெட்டிக்காரர்.

"கறை மாதிரிதாம்மா இருக்கு" என்றார் கடைசியில். "கருவியில ஏதாவது கறையா இருக்கலாம்."

அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "நானும் அப்படித்தாங்க நினைச்சேன். ரெண்டு தடவை துடைச்சுப் பார்த்துட்டேன். போகலை."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். தலைவர் சிரிக்க முயன்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்த விஷயத்தைச் சொன்னார். அவள் திரும்பி வரலாம். நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, இந்த முறை நிரந்தரமாக. அடுத்த கட்டுரையில் 'மேலும் திருத்தமான அளவீடு' என்று இதையும் சேர்த்துக்கொள்ளலாம், அவள் பெயர் இரண்டாவதாக வரும். தனியாக எதையும் அனுப்ப வேண்டாம், அது மட்டும்தான்.

நிரந்தரம் என்ற சொல் காதில் விழுந்ததும் தம்பி அக்காவைப் பார்த்தான். அம்மாவும் பார்த்தாள். ஓட்டலில் முதுகு ஒடிந்த அம்மா அவள். அந்தப் பார்வையைத் தாங்குவதுதான் அன்றைக்குக் கஷ்டமாக இருந்தது, தலைவரைத் தாங்குவது அல்ல.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். முன்னாடி போட்டது தப்புன்னு, அந்த வார்த்தையோட, உங்க பேர்ல எழுதுவீங்களா? எழுதினா நாளைக்கே வர்றேன். என் பேரு கடைசியில இருந்தாலும் சரி."

"தப்புங்கறது பெரிய வார்த்தைம்மா. திருத்தம்னு போட்டுக்கலாம். எனக்கும் இத்தனை வருஷம்..." அவர் முடிக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் வயதான மனிதராகத் தெரிந்தார், அவளுக்கு அவர்மேல் பாவமாகக்கூட இருந்தது. பாவம் என்பதற்காகத் தூசியை இல்லை என்று சொல்ல முடியுமா?

"அப்ப சரின்னு எடுத்துக்கட்டுமா?" என்று எழுந்தார்.

"ஊஹூம்."

கார் போனது. தம்பி விளக்கை அணைத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். அவள் கணினியைத் தன் பக்கம் திருப்பி, எழுதி வைத்திருந்த கட்டுரையை அனுப்பும் பக்கத்தைத் திறந்தாள். பெயர் கேட்டது, கொடுத்தாள். நிறுவனம் கேட்டது. அதை விட்டுவிட்டு அனுப்பப் பார்த்தாள். போக மறுத்து, சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. 'இந்த இடம் காலியாக இருக்கக் கூடாது.'

அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். "இதைத்தானே நான் இத்தனை நாளா தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்கேன்."

"ஏன்க்கா, என்ன ஆச்சு?"

"எங்கேருந்து எழுதறேன்னு கேக்குது. உன் பட்டறை விலாசத்தைச் சொல்லு."

தம்பி எழுந்துவிட்டான். "அக்கா, வேண்டாம்க்கா. 'தூசியில்லா'ன்னு வாசல்ல போர்டு வச்சிருக்கேன். உலகம் பூரா படிக்கிற கட்டுரையில, இங்கேருந்து தூசி இருக்குன்னு எழுதினா என் பொழப்பு என்ன ஆகறது?"

"உன் வண்டியில இல்லைடா. சுத்தக்காரிகிட்ட இருக்கு."

அம்மா மேசைக்குப் பின்னால் வந்து நின்று, கையில் இருந்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மகன் வாயைத் திறக்கும் முன்பே விலாசத்தைச் சொல்ல ஆரம்பித்தாள், கதவு எண்ணிலிருந்து, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. மகள் அடித்து முடித்து அனுப்பினாள்.